ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தீர்களா? நெல்லை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் பொறியியல் கல்லூரி நடத்துகிறவர்களுக்கும், முதுநிலைப் பாடத்திட்டம் வகுக்கும் குழுக்களில் இருக்கிற பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் பேட்டைப் பக்கம் தகர வேலைப் பட்டறை வைத்திருப்பவன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பதினோரு வருடம் இருந்துவிட்டு, அப்புறம் சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். அரிசி ஆலைக்கும் கல் உடைக்கிற கிரஷருக்கும் தூசி உறிஞ்சும் குழாய், தூசியைச் சுழற்றிப் பிரிக்கிற சைக்ளோன், துணிப்பையில் வடிகட்டுகிற பேக் ஃபில்டர் எல்லாம் செய்து மாட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. உங்களுக்குப் பாடம் சொல்லித்தருகிற தகுதி எனக்கு இல்லை என்று தெரியும். ஆனால் உங்கள் மாணவர்கள் வரைந்த படங்களை வெட்டி, வளைத்து, வெல்டு வைத்து, ஓடாமல் போனால் திரும்பப் போய்க் கழற்றியவன் நான். அந்த உரிமையில், காற்று மாசுக் கட்டுப்பாட்டு வடிவமைப்புக்கென்று நம் பக்கம் ஒரு எம்.இ. வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

இதை எழுத வைத்தது என் அக்கா மகள். பி.இ. முடித்துவிட்டாள். காற்று மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்களை வடிவமைக்கிற வேலைக்குப் போக வேண்டும், அதற்கு எம்.இ. எங்கே படிக்கலாம் என்று கேட்டு வந்தாள். மாமா பட்டறையில் சின்ன வயதிலிருந்து துரு வாசம் பிடித்து வளர்ந்தவள், ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. நாலைந்து கல்லூரிகளின் பாடத்திட்டங்களை அச்செடுத்து வந்திருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் புரட்டினோம். சுற்றுச்சூழல் பொறியியல் என்று பெயர் போட்டிருந்தது. உள்ளே போனால் குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மறுபடியும் கழிவுநீர். காற்றுக்கு ஒரு தாள், சிலதில் இரண்டு. அந்த ஒரு தாளுக்குள் வானிலை, சட்டம், உடல்நலக் கேடு, ஒலி மாசு எல்லாவற்றையும் அடைத்து, கடைசி இரண்டு அலகுகளில் சைக்ளோன், பேக் ஃபில்டர், புகையைக் கழுவுகிற ஸ்க்ரப்பர், மின்சாரத்தால் தூசியை இழுக்கிற ஈஎஸ்பி என்று வரிசையாகப் பெயர் சொல்லி முடித்திருந்தார்கள். தண்ணீர் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிப் போகும். காற்றுக்கு இவ்வளவுதானா என்றுதான் கேட்கிறேன்.

அதைவிட முக்கியமான ஒன்று. எந்தப் பாடத்திட்டத்திலும் 'ஹூட்' என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தூசி கிளம்புகிற இடத்தில் அதைப் பிடிக்கிற வாய்தான் ஹூட். அது பிடிக்காவிட்டால் பின்னால் நீங்கள் எத்தனை லட்சத்துக்கு ஃபில்டர் மாட்டினாலும் அது சுத்தமான காற்றைத்தான் வடிகட்டிக்கொண்டிருக்கும். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாதி ஃபில்டரில் இல்லை, இந்த வாயில்தான்.

அக்கா மகளுக்கு அன்றைக்கே ஒரு பாடம் நடத்தினேன். பட்டறையில் காற்றை உறிஞ்சித் தள்ளுகிற ஒரு ப்ளோயர் சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது, முன்னால் ஓரடி விட்டத்தில் உறிஞ்சுகிற குழாய். சாமி படத்துக்கு வைத்திருந்த ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்திக் கையில் கொடுத்தேன். குழாய் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். புகை கயிறு போல நேராக உள்ளே பாய்ந்தது. ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள், வளைந்து நெளிந்து போனது. இரண்டு எட்டு பின்னால் போனாள். புகை பாட்டுக்கு மேலே போய் ஓட்டைப் பார்த்தது, குழாய் இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. "என்ன மாமா, மோட்டார் அவ்வளவு சத்தம் போடுது, இங்க ஒண்ணுமே இல்ல?" என்றாள். விளக்கை ஊதி அணைத்திருக்கிறாய், உறிஞ்சி அணைத்திருக்கிறாயா என்று கேட்டேன். ஊதுகிற காற்று ஒரு திசையில் கற்றையாகப் போகும். உறிஞ்சுகிற வாய்க்குக் காற்று எல்லாப் பக்கமிருந்தும் வரும், அதனால் தள்ளிப் போகப் போக வேகம் செத்துவிடும். 1930-களிலேயே அமெரிக்காவில் டல்லா வாலே என்பவர் இதற்குக் கணக்கு கொடுத்துவிட்டார். அந்தக் கணக்குப்படி 30 சென்டிமீட்டர் விட்டக் குழாயின் வாயில் நொடிக்கு 18 மீட்டர் வேகம் இருந்தால், 30 சென்டிமீட்டர் தள்ளி 1.3 மீட்டர்தான். ஒன்றரை மீட்டர் தள்ளி 6 சென்டிமீட்டர்கூட இல்லை. வீட்டில் மின்விசிறி நின்ற பிறகும் அதைவிட அதிகமாகக் காற்று அசையும்.

ஆலங்குளம் போகிற வழியில் ஒரு கிரஷரில் ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் ஹூடைத் தொங்கவிட்டிருந்தார்கள். லாரி கல்லைக் கொட்ட இடம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், படம் போட்டவரும் சரி என்று விட்டுவிட்டார். படம் போட்டவர் எம்.இ. படித்தவர், நல்ல பையன்தான். ஃபில்டர் துணியின் பரப்பைப் பிசகில்லாமல் கணக்குப் போட்டிருந்தார். ஹூடுக்கு ஒரு வரிகூடக் கணக்கு இல்லை. கிரஷர்களுக்கு அரசு வைத்திருக்கிற அளவு, இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டர் தொலைவுக்குள் எடுத்த காற்றில் கனமீட்டருக்கு 600 மைக்ரோகிராம் தூசிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது. அங்கே நின்றால் பத்து நிமிடத்தில் கண் இமை வெள்ளையாகிவிடும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. அங்கே வேலை பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் துண்டைத்தான் மூக்கில் கட்டியிருந்தார்கள்.

ஹூடுக்கு அடுத்தது குழாய். இதுவும் உங்கள் பாடத்தில் ஒரு வரிதான். கல் தூசி குழாய்க்குள் படியாமல் ஓட நொடிக்கு 18 மீட்டராவது வேகம் வேண்டும். ஒரு முறை 12 அங்குலக் குழாய்க்குப் படம் வந்தது. உரிமையாளரிடம் பழைய 16 அங்குலக் குழாய் சும்மா கிடந்தது. "பெருசா இருந்தா நல்லதுதானே அண்ணாச்சி, காத்து தாராளமாப் போவும்" என்றார். படம் போட்டவரிடம் போனில் கேட்டேன், ஒன்றும் ஆகாது என்றார். நானும் மாட்டினேன், அது என் தப்பும்தான். விட்டம் 12-லிருந்து 16 ஆனால் வேகம் 18-லிருந்து 10 ஆகிவிடும். நாலு மாதத்தில் கூப்பிட்டார்கள். சுத்தியலால் குழாயைத் தட்டிப் பார்த்தேன். மேல் பக்கம் தட்டினால் 'டங்'கென்றது, கீழ்ப் பக்கம் தட்டினால் 'தொப்'பென்றது. பாதிக் குழாய் வரைக்கும் தூசி குடியிருந்தது. தாங்குகால் வளைய ஆரம்பித்திருந்தது, இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் யார் தலையிலாவது இறங்கியிருக்கும். இந்தத் தட்டிப் பார்க்கிற வித்தையை வகுப்பில் அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இதற்கெல்லாம் மேலே அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமும் வளைய வளைய வந்தேன்.

புழுங்கலரிசி ஆலை. உமியை எரித்து பாய்லர். உமிச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு போல சிலிக்காதான். சாம்பல் பறந்து பக்கத்து ஊரில் காயப்போட்ட வேட்டியில் விழுகிறது என்று புகார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ். சைக்ளோன் மட்டும் இருந்தது. சைக்ளோன் பெரிய துகளைச் சுழற்றிச் சுவரில் அடித்துக் கீழே தள்ளும், பொடிசைப் பிடிக்காது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், நுரையீரலின் அடிவரைக்கும் போகிறவை 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும். அவற்றில் பெரும்பாலானவை சைக்ளோனுக்கு டாட்டா காட்டிவிட்டுப் புகைபோக்கி வழியே போய்விடும். ஆகவே பேக் ஃபில்டர் போடச் சொன்னார்கள். படம் வந்தது. வெப்பம் தாங்குகிற துணி, துணிக்கேற்ற காற்று விகிதம், பையைத் தட்டிவிட அழுத்தக் காற்று, எல்லாம் புத்தகப்படி. வெளி ஆலோசகரிடம் வேலை பார்த்த ஒரு எம்.இ. பெண் போட்ட படம் அது. இன்றைக்கும் சொல்வேன், அவ்வளவு சுத்தமான படத்தை நான் பார்த்ததில்லை.

மாட்டி ஆறு வாரத்தில் ஆலைக்காரர் போன். "நீங்க போட்ட மிஷினு மூச்சு வாங்கல அண்ணாச்சி." போய்ப் பார்த்தால் அழுத்தம் காட்டுகிற மானோமீட்டரில் தண்ணீர் உச்சிக்குப் போய் நிற்கிறது. பையைக் கழற்றினோம். துணி மாதிரியே இல்லை, சுட்ட அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. மடக்கினால் உடைந்தது. உள்ளே சாம்பல் ஈரம் குடித்து, காய்ந்து, மறுபடி ஈரம் குடித்து, அடுக்கடுக்காகக் கெட்டியாகியிருந்தது.

காரணம் என்ன தெரியுமா? ஆலை ராத்திரி நிற்கும். காலை நாலு மணிக்கு பாய்லர் பற்ற வைப்பார்கள். மார்கழி மாதம், ஆற்றங்கரை, ஃபில்டர் கூடு முழுக்கக் குளிர்ந்து பனித்துக் கிடக்கும். உமிப் புகையில் நீராவி நிறைய. குளிர்ந்த தகரத்தில் பட்டதும் வியர்த்துவிடும். பையெல்லாம் நனையும். அப்புறம் சூடு ஏறும், காயும். தினமும் இதே கதை. அந்தப் பெண்ணின் கணக்கு ஆலை 24 மணி நேரமும் ஒரே சீராக ஓடும் என்று வைத்துப் போட்டது. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் காலை நாலு மணிக்கு ஒரு ஆலையில் போய் நின்றதில்லை. பிறகு நாங்கள் செய்தது சின்ன வேலைதான். கூட்டுக்கு வெப்பக் காப்புப் போட்டோம், பாய்லர் சூடேறும் வரைக்கும் புகையைப் பழைய சைக்ளோன் வழியாகத் திருப்பிவிட டேம்பர் என்கிற ஒரு தடுப்புக் கதவு வைத்தோம், ராத்திரி நிறுத்திய பிறகு பத்து நிமிடம் பைகளைத் தட்டிச் சாம்பலை உதிர்க்கப் பழக்கினோம். இரண்டாவது செட் பைகள் இன்னும் ஓடுகின்றன. முதல் செட்டுக்குப் போன பணம் ஆலைக்காரருடையது. சூடேறும் வரைக்குமான அந்தப் புகை இன்னும் ஊருக்குள்தான் போகிறது, அதற்கு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் மாணவர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டால் அதுவே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பாடம் நடத்தியவர்களிடம்தான் கேட்கிறேன். நம்மூர் ஆலைகள் எப்படி ஓடுகின்றன என்று கேட்காமல் ஒரு சாதனத்தை வடிவமைக்க எப்படிப் பயிற்சி கொடுத்தீர்கள்?

இந்தப் படிப்பு எந்தத் துறைக்குச் சொந்தம் என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. பெரும்பாலும் சிவில் துறையின் கீழே வைத்திருக்கிறீர்கள். ஆனால் ப்ளோயரும் குழாயும் மெக்கானிக்கல்காரர் விஷயம். அமிலப் புகையைக் காரநீர் தெளித்துக் கழுவுகிற ஸ்க்ரப்பர் கெமிக்கல்காரர் விஷயம். ஈஎஸ்பி-யில் பல்லாயிரம் வோல்ட், அது எலக்ட்ரிகல்காரர் விஷயம். எடையைத் தாங்குகிற அஸ்திவாரம் மட்டும்தான் சிவில். நாலு துறைப் பேராசிரியர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரே மாணவரின் படத்தைப் பார்த்த காட்சியை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. நம் ஊரில் இது ஒன்றும் பெரிய தூரமில்லை. அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தின் மண்டல வளாகம் இருக்கிறது, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழல் அறிவியல் மையமே இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.

வேலைக்கு என்ன பஞ்சம்? 1949-லிருந்து தாழையூத்தில் சிமெண்ட் தயாராகிறது. சிமெண்ட் சூளைப் புகைபோக்கியில் கனமீட்டருக்கு 30 மில்லிகிராம் தூசிக்கு மேல் போகக்கூடாது என்பது இன்றைய அளவு, அதைப் பிடித்து நிற்பது சாமானிய வேலை இல்லை. தூத்துக்குடியில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்தோடு அனல்மின் நிலையம். 2019-இல் மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியபோது காற்றுத் தர அளவை எட்டாத நகரங்களின் பட்டியலில் தூத்துக்குடியும் இருந்தது. செங்கல் சூளைகளை, அனல் வளைந்து வளைந்து போகிற ஜிக்ஜாக் முறைக்கோ, நிமிர்ந்த சூளைக்கோ மாற்றச் சொல்லி 2022-இல் அறிவிப்பு வந்தது. குளத்துக் கரை ஓரமாக நம் ஊரில் எத்தனை சூளைகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை மாற்றிக் கட்ட அடுக்கு முறையும் காற்றோட்டமும் தெரிந்த ஆள் வேண்டும். கங்கைகொண்டான் சிப்காட்டில் சூரிய மின்கலத் தொழிற்சாலை வந்துவிட்டது. மின்கலம் செய்ய அமிலங்கள் வேண்டும், அமிலம் என்றால் ஸ்க்ரப்பர் வேண்டும். அந்த ஸ்க்ரப்பர்கள் எல்லாம் வெளியூரில் வடிவமைக்கப்பட்டு லாரியில் வருகின்றன, நாம் கிரேன் பிடித்து இறக்குகிறோம்.

முக்கூடல் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிற பெண்களின் முறத்தைச் சுற்றிப் புகையிலைத் தூசி பறக்கும். பச்சைக்குழந்தை பக்கத்திலேயே படுத்திருக்கும். ஒரு முறத்துக்கு ஒரு சின்ன உறிஞ்சி, கரண்டு செலவு ஒரு பல்புக்கு மேல் போகக்கூடாது, சத்தம் வரக்கூடாது, விலை ஒரு மிக்சிக்குள் இருக்க வேண்டும். இதை எந்தக் கல்லூரியாவது மாணவருக்குக் கணக்காகக் கொடுத்ததுண்டா? எனக்கு இது ஈஎஸ்பி-யை விடக் கஷ்டமான கணக்காகத் தெரிகிறது.

ஈஎஸ்பி என்றதும் ஒன்று. பெர்க்லியில் வேதியியல் ஆசிரியராக இருந்த காட்ரெல், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கத்து ஆலைகளின் அமில மூட்டத்தைப் பிடிக்கப் போய்த்தான் மின்சாரத்தால் தூசியை இழுக்கிற இந்தச் சாதனத்தை உருவாக்கினார், 1908-இல் காப்புரிமை வாங்கினார். பக்கத்து ஊர்த் தொல்லையை ஒரு வாத்தியார் தன் தொல்லையாக எடுத்துக்கொண்ட கதை. காப்புரிமைப் பணத்தைத் தானே வைத்துக்கொள்ளாமல் 1912-இல் ஆராய்ச்சிக்கு நிதி தருகிற ஒரு அமைப்பைத் தொடங்கிவிட்டார். ராணிப்பேட்டையில் பெல் நிறுவனம் இன்றைக்குச் செய்கிற ராட்சத ஈஎஸ்பி-களும் அந்த வழியில் வந்தவைதான். 1922-இல் டாய்ச் என்பவர் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். உங்கள் மாணவர்கள் அதை மனப்பாடமாக எழுதுவார்கள். ஆனால் அதன் பொருளைக் கேளுங்கள். 90 சதவீதம் பிடிக்கிற ஈஎஸ்பி-யை 99 ஆக்க வேண்டுமென்றால் தூசி ஒட்டுகிற தகடு இரண்டு மடங்கு வேண்டும். 99.9 ஆக்க மூன்று மடங்கு. மணிக்கு 100 கிலோ தூசி வந்தால் 99 சதவீதத்தில் ஒரு கிலோ வெளியே போகும், 99.9-இல் 100 கிராம். தகட்டுக்குப் பணம் கொடுக்கிற முதலாளிக்கு 99-க்கும் 99.9-க்கும் வித்தியாசம் தெரியாது, துணி காயப்போடுகிற பொம்பளைக்குத் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேசத் தெரிய வேண்டும் உங்கள் மாணவருக்கு.

பணத்தைப் பற்றியும் வகுப்பில் பேசுங்கள். ப்ளோயர் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் கரண்டு 33 சதவீதம் கூடும், வேகத்தின் மும்மடிக் கணக்கு அது. ஹூட் சரியில்லாததை ப்ளோயரை விரட்டிச் சரிக்கட்டுவது நம் ஊர் வழக்கம். பில் வந்ததும் முதலாளி ராத்திரி ப்ளோயரை நிறுத்தச் சொல்லிவிடுவார். இருட்டில் புகை யாருக்குத் தெரியும்? நிறுத்தத் தோன்றாத அளவுக்குச் சிக்கனமாக வடிவமைத்தவனைத்தான் நான் கெட்டிக்காரன் என்பேன்.

புகைபோக்கியை உயர்த்திவிட்டால் போதும் என்கிற எண்ணமும் இருக்கிறது. மணிக்கு இத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு என்றால் அதன் 0.3 அடுக்கை 14-ஆல் பெருக்கி உயரம் சொல்கிற சூத்திரம் இருக்கிறதே, 10 கிலோ என்றால் 28 மீட்டர் என்று வரும். போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் நம் காற்று அப்படியா இருக்கிறது? ஆனி ஆடியில் கணவாய் வழியாக மேல்காற்று வந்து அம்மியைப் பறக்கவிடும். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? அந்த வேகத்தில் குட்டைப் புகைபோக்கியின் புகை மேலே ஏறாமல் கட்டடத்தின் முதுகுப் பக்கம் மடங்கி விழும். தை மாசத்துக் காலையில் காற்றே அசையாது, சூளைப் புகை குளத்தின் மேல் போர்வை போலப் படுத்துக் கிடக்கும், அதுதான் சூளை சுடும் பருவமும். புகை எப்படிப் பரவும் என்று உங்கள் ஆய்வகத்தில் கணினியில் கணக்கு ஓட்டுகிறீர்கள், நல்லது. எந்த ஊர்க் காற்றை அதில் போட்டு ஓட்டுகிறீர்கள் என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள். கல்லூரி மாடியில் ஒரு காற்றளவி வைத்து மாணவர்களே இரண்டு வருடம் பதிந்தால், போகும்போது ஒரு சொத்தை விட்டுப் போவார்கள்.

அப்புறம் தமிழ். தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின்போது 2018 மே 22, 23 தேதிகளில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்துப் போனார்கள். அதைப் பற்றிப் பேச இந்த மடல் போதாது. என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். அந்த வருடங்களில் தூத்துக்குடிச் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் சின்னக் கேள்விகள்: தொண்டை கரகரக்கிறதே அது என்ன வாயு, கந்தக டை ஆக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரி அளவு கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்கிறார்களே, அரை மணி நேரம் மட்டும் பயங்கரமாக அடித்தால் அந்தச் சராசரியில் தெரியுமா? எனக்கு அரைகுறையாகத்தான் சொல்லத் தெரிந்தது. சொல்லத் தெரிந்த படிப்பாளி ஒருவரையும் எனக்கு எட்டும் தூரத்தில் காணோம். புதுத் தொழிற்சாலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும் என்பது விதி. நான் வாசித்தவற்றில் தமிழ் எழுத்து இருந்தது, தமிழ் இல்லை. உங்கள் எம்.இ. மாணவர் தன் வடிவமைப்பை ஒரு பஞ்சாயத்து மண்டபத்தில் கால் மணி நேரம் தமிழில் விளக்கட்டும், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லட்டும், அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இந்த மூன்று மாவட்டங்களுக்குள் எங்காவது, காற்று மாசுக் கட்டுப்பாட்டு வடிவமைப்புக்கென்றே ஒரு எம்.இ. தொடங்குங்கள். முடியாவிட்டால் இருக்கிற படிப்புக்குள் ஒரு தனிப் பிரிவாக வையுங்கள். இரண்டாம் வருட ஆய்வேடு முழுக்க ஒரே வேலை: நம் ஊரில் உண்மையாக ஓடுகிற ஒரு சின்ன ஆலைக்கோ சூளைக்கோ பட்டறைக்கோ ஒரு சாதனத்தை ஹூடிலிருந்து புகைபோக்கி வரைக்கும் வடிவமைத்து, மாட்டி, ஓட்டிக் காட்டுவது. படத்தில் மாணவர் கையெழுத்து இருக்க வேண்டும். புகைபோக்கியில் மாதிரி எடுக்க ஏணியில் மாணவரே ஏற வேண்டும். புகைபோக்கிக்குள் காற்று என்ன வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் உறிஞ்சினால்தான் மாதிரி சரியாக வரும் என்பதை வெயிலில் குழலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் உடம்பு கற்றுக்கொள்ளும். ஒரு வருடம் கழித்து அதே மாணவர் திரும்பி வந்து, மானோமீட்டர் என்ன காட்டுகிறது, பை என்ன ஆனது, ப்ளோயர் ஓடுகிறதா நிறுத்திவிட்டார்களா என்று பார்த்து ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். பட்டத்தை அதுவரை நிறுத்தி வையுங்கள் என்று சொல்ல ஆசைதான், பல்கலைக்கழக விதி இடம் தராது என்பது தெரியும். அந்த ஒரு பக்கத்தை அடுத்த வருடத்து மாணவர்களுக்கு முதல் பாடமாக வையுங்கள், அது போதும்.

எங்களைப் போல வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு வழி விடுங்கள். முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் தேறி வருகிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2021-லிருந்து அந்தத் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலுக்குத் தனித் தாளே வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் கைக்காசு போட்டுத்தான் படிக்க வேண்டும். இரண்டு வருடம் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு, கடைசியில் ஆலோசனை நிறுவனத்தில் அறிக்கை வெட்டி ஒட்டுகிற வேலைக்குத்தான் போக வேண்டும் என்றால் எந்தத் தகப்பன் அனுப்புவான்? என் அக்கா வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. வேலை தேடிப் புனே பக்கம் போய்விடுவாளோ என்று அக்காவுக்குப் பயம் வேறு.

என்னால் முடிந்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரம் ஆலையின் அப்பளப் பைகள் ஆறு, உள்ளே இருக்கிற கூண்டோடு, என் பட்டறைப் பரண் மேல் பத்திரமாக இருக்கின்றன. பாதி அடைத்த 16 அங்குலக் குழாயில் ஒரு முழம் வெட்டி வைத்திருக்கிறேன், தூசி அப்படியே இருக்கிறது, இரண்டு பக்கமும் தகரம் வைத்து மூடியிருக்கிறேன். வகுப்பில் வைக்க வேண்டும் என்றால் வண்டி அனுப்புங்கள், தூக்க இரண்டு ஆள் வேண்டும். மாணவர்களைக் கூட்டி வந்தால் ப்ளோயரைப் போட்டுக் காட்டுகிறேன், ஊதுபத்தி நான் வாங்கி வைக்கிறேன். சனிக்கிழமை என்றால் சவுகரியம். வெள்ளிக்கிழமை பட்டறை லீவு.

இப்படிக்கு,
பேட்டைத் தகரப் பட்டறைக்காரன்